முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எடுத்த கணக்கு

நாளைக் காலையில் நீங்கள் ஆளுக்கொரு திசையில் பேருந்து ஏறப்போகிறீர்கள். படிவத்தை எப்படி நிரப்புவது, பிள்ளைகளை எப்படி வாசிக்கச் சொல்வது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டார்கள். அதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. அடுத்த மாதம் இந்த மாவட்டத்தை விட்டுச் சென்னை அலுவலகத்துக்குப் போகிறேன். போகும்முன் புதியவர்களிடம் நாலு வார்த்தை பேசு என்றார்கள். நாலு வார்த்தையில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் ஆத்தூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் மல்லிகை பறித்தவர்கள். நான் பட்டம் வாங்கிய புகைப்படம் வீட்டுச் சுவரில் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மா சூடம் காட்டும்போது அதற்கும் சேர்த்துத்தான் காட்டுகிறார். வேண்டாமம்மா என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு, இருக்கட்டும், சும்மா வந்த பட்டமா அது என்று விட்டுவிட்டேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் சொல்லப்போகும் சம்பவத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

நீங்கள் எடுக்கப்போவது அடிப்படைக் கணக்கு. பேஸ்லைன் என்றே நாம் சொல்கிறோம். பள்ளிகளையும் ஆசிரியர் பயிற்சியையும் சீர்படுத்த ஒரு திட்டம் வருகிறது. அது வருவதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்று எழுதி வைத்தால்தான், சில ஆண்டுகள் கழித்து ஏதாவது மாறியதா என்று தெரியும். கிணற்றைத் தூர் வாரும் முன் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து வைப்பது மாதிரி. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம். நான் வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தற்காலிக வேலைதான். சித்தையன்கோட்டையில் பேருந்தை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து போனால் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அங்கே இரண்டு அறைகள் கொண்ட ஒரு தொடக்கப் பள்ளி. பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையிலேயே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி வருவது என் வேலை.

அந்த எண்ணிக்கைக்கு வேறொரு பலனும் இருந்தது. வருகை மிகக் குறைந்த பள்ளிகளை மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை அப்போது மாவட்ட அலுவலகத்தில் இருந்தது. இந்த ஊருக்குப் பக்கத்துப் பள்ளி நெடுஞ்சாலையைத் தாண்டி இருந்தது. அம்புட்டுத் தூரம் பெண்பிள்ளைகளை எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். என் படிவத்தில் விழும் ஒரு எண்ணில் அந்தப் பள்ளி இருக்கும் அல்லது போகும்.

முதல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன். தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். வகுப்பில் பிள்ளைகள் ஓரளவு நிறைந்துதான் இருந்தார்கள். ஆனால் நான்காம் வகுப்பு வரிசையில் ஒருவர் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தார். சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

"இவரு எந்த கிளாஸ் டீச்சர்?"

"நாலாங்கிளாஸ்."

அந்த மனிதர் விரலை வாயிலிருந்து எடுத்தார். "நான் பால்வாடி" என்றார். பிறகு விரலைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா டீச்சர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "பால்வாடிப் பிள்ளைக பாதி, எங்க பிள்ளைக பாதி. வேற என்ன செய்யச் சொல்றீங்க? வருசம் பூரா இருக்க, இன்னைக்குன்னு பாத்து வந்து நிக்கிறீங்க."

"இன்னைக்கு என்ன டீச்சர்?"

கேட்ட உடனே எனக்கே புரிந்துவிட்டது. மறுநாள் பெரிய முகூர்த்தம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பூவுக்கு ஏறும் விலை மற்ற நாளில் கிடையாது. அன்றைக்கு மொட்டு செடியிலேயே நின்றுவிட்டால் மலர்ந்து போகும். மலர்ந்த மல்லிகையை மாலைக்காரர் தொட மாட்டார். ஆகவே கை உள்ள எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். அலுவலகத்தில் எங்களுக்குப் பயண அட்டவணை போட்டுக் கொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தார்கள், அரசு விடுமுறையைப் பார்த்தார்கள். முகூர்த்த நாளை யாரும் பார்க்கவில்லை. பூ விளையும் ஒரு மாவட்டத்தில், பூ பறிக்கும் பிள்ளைகளை எண்ண வந்தவர்கள் செய்யக்கூடாத தவறு அது ஒன்றுதான். அதை நாங்கள் சரியாகச் செய்திருந்தோம்.

பால்வாடிப் பிள்ளைகளை விட்டுவிட்டு எண்ணினேன். கை விரல்களுக்குக் கொஞ்சம் மேலே. அதை எழுதினேன். ஸ்டெல்லா டீச்சர் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னும் முடியல டீச்சர். தோட்டம் எந்தப் பக்கம்?"

வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கையில் பேனாவோடு நிற்பவருக்கு யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. நான் பேனாவைப் பையில் போட்டுவிட்டு, முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு செடி வரிசையில் இறங்கினேன். சின்ன வயதில் பழகிய விரல், மறக்கவில்லை. பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண் என் கையைச் சிறிது நேரம் கவனித்தார். அவர் பெயர் பேச்சியம்மாள். எல்லோருக்கும் பேச்சியக்கா. அவர் மகள் சரசு அவரை ஒட்டி நின்று பறித்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டின்படி சரசு ஐந்தாம் வகுப்பு.

"பரவால்லயே, காம்பு முறியாம எடுக்குறீக. சர்க்காரு ஆளுன்னு சொன்னாக?"

"சர்க்காரு ஆளுதான். எங்கம்மா பூக்கூலி."

"அப்ப நீங்க எங்கள வையமாட்டீக." அவர் கை நிற்கவில்லை. "மத்தவக வந்தா, பிள்ளையப் படிக்க வைக்கலையான்னு ஒரே வசவு."

"எத்தன மணி வரைக்கும் பறிப்பீங்கக்கா?"

"வெயில் ஏறுற மட்டும். பத்து மணிக்கு வண்டி வரும், எடை போட்டுத் தூக்கிட்டுப் போயிருவாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கஞ்சி குடிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"சரசுவை ஸ்கூலுக்கு அனுப்பலாமே."

பேச்சியக்கா முதல் முறையாகக் கையை நிறுத்தினார். "போனா? மணி அடிச்சப்புறம் வந்தா வாசல்ல முட்டி போடு. அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சு, வீட்டுக்குப் போ. இதுக்கு அவ எதுக்கு சட்ட மாத்தணும்?"

சரசு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ரெண்டு வாட்டி போட்டேன் முட்டி."

அதுவரை பூதான் பிள்ளைகளைப் பள்ளிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். பூ பத்து மணிக்கே அவர்களை விட்டுவிடுகிறது. அதற்குப் பின் அவர்களைத் தடுப்பது பள்ளியின் மணி.

அடுத்த வாரம் முகூர்த்தம் இல்லாத நாளில், என் சொந்தப் பொறுப்பில், திரும்பப் போனேன். வகுப்பு நிறைந்திருந்தது. சரசு முதல் வரிசையில் உட்கார்ந்து எனக்குத் தடையில்லாமல் வாசித்துக் காட்டினாள். இப்போது என் கையில் ஒரே பள்ளிக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு எண்கள்.

எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. பல திட்டங்களைப் பார்த்துச் சலித்தவர். அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டுதான் எல்லா முடிவும் எடுப்பார்.

"ஏம்மா, மொதல் நாள் எடுத்தது எம்புட்டு?"

சொன்னேன்.

"அதையே குடு. கம்மியா இருந்தா நமக்கு நல்லதுதான. மூணு வருசம் கழிச்சு நல்ல நாளாப் பாத்து எண்ணுனா ஏத்தமாத் தெரியும். திட்டம் ஜெயிச்சுச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம்."

"மூணு வருசம் கழிச்சு எண்ண அந்த ஸ்கூல் இருக்காது சார்."

"அது நம்ம வேலையா? எண்ணுறதுதான் நம்ம வேலை." கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். "பூப்பறிக்கிற வீட்டுப் பொண்ணுன்னு காட்டுறியே நீ."

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை யாரும் இதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பல நாள் பயந்திருக்கிறேன். அழுகை வரவில்லை.

"ஆமா சார், பூப்பறிக்கிற வீட்டுப் பொண்ணுதான். அதனாலதான் நாம எண்ணுன நாளு தப்புன்னு தெரியுது. உங்க அட்டவணைக்குத் தெரியல."

அவர் டீக்காரரிடம், "இன்னொண்ணு போடு, இந்தப் பிள்ளைக்கு" என்றார். ஆனால் மனம் மாறவில்லை. மாவட்டக் கூட்டத்தில் நீயே பேசிக்கொள், அதற்குப் பிறகு உன் வேலை நீடிக்குமா என்று எனக்குத் தெரியாது என்றார்.

பேசினேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் நான்தான் இளையவள். திட்டத்தின் மாவட்ட அதிகாரி ஒரு பெண்மணி. குறைவாகப் பேசுவார், அதனாலேயே எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள். என் இரண்டு எண்களையும் கேட்டுவிட்டு, "இதுல எது உண்மை?" என்றார்.

"ரெண்டும் உண்மைதான் மேடம். எந்த நாள்னு சொல்லாம எழுதுனாத்தான் பொய்." இரண்டு படிவங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "சித்திரையில கெணத்த எட்டிப் பாத்துட்டு, ஐப்பசி மழைக்கப்புறம் வந்து பாத்து, நான் தூர் வாருனதுலதான் தண்ணி ஏறுச்சுன்னு சொல்ற மாதிரி ஆயிரும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எடுத்த கணக்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாளோடதான் ஒப்பிடணும்."

அந்தப் பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் சும்மா இருப்பதையும், வாசலில் முட்டி போடுவதையும் சொன்னேன். தாமதமாக வருபவர்களை உள்ளே விட்டால் வருவார்கள் என்றேன்.

"வருவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. பேச்சியக்காவின் ஒரு பேச்சும், சரசுவின் முழங்காலும்தான் என்னிடம் இருந்த ஆதாரம்.

"வருவாங்க மேடம்" என்றேன்.

அவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார், பிறகு என்னை. "அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நானே வாரேன். பதினோரு மணிக்கு அந்தப் பிள்ளைங்க வகுப்புல இருந்தா ஸ்கூல் இருக்கும். இல்லைன்னா சேர்த்துருவோம்."

அன்றைக்கே சித்தையன்கோட்டைப் பேருந்தைப் பிடித்தேன். ஸ்டெல்லா டீச்சரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: வாசலில் யாரையும் நிறுத்தாதீர்கள். அவர் பதிவேட்டை மூடி வைத்தார். "இருபது வருசமா நான் நேரந்தவறாமைய சொல்லிக் குடுத்துட்டு வாரேன்" என்றார். பிறகு, "சரி, ரெண்டாவது மணி ஒண்ணு அடிக்கிறேன். அதுக்கு நேரந்தவறாம வரட்டும்" என்றார். அந்த யோசனை முழுக்க அவருடையது. நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பதினோரு மணிக் கெடுவை நான் போய்ச் சொன்னதும் பேச்சியக்கா சொன்னார்: "அனுப்புறோம். ஆனா வாசல்ல நிக்க வச்சா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன், ஆமா."

அந்த நாள் வந்தது. அதிகாரியின் ஜீப் முதல் மணிக்கே வந்து நின்றது. உள்ளே கைவிரல்களுக்குக் கொஞ்சம் மேலே பிள்ளைகள், அதே மாதிரி. ஒருங்கிணைப்பாளர் சுவரோரமாக நின்றார். அதிகாரி நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வகுப்பின் பின்னால் நின்று பாடம் கேட்டார்.

பத்து மணி ஆனது. பத்தரையும் ஆனது. ஸ்டெல்லா டீச்சர் வெளியே வந்து, தண்டவாளத் துண்டில் இரண்டாவது மணியை அடித்தார். யாரும் வரவில்லை. நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்: "விலை ஏறிக்கிட்டே இருக்குதாம். வண்டி இன்னும் எடை போடல."

நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், விலை ஏறினால் வண்டி தாமதிக்கும் என்பதைத் தவிர. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"செத்த நேரம் பாப்பமே மேடம்" என்றார் அவர். என்னைத் திட்டிய அதே மனிதர்.

முதலில் வந்தது வாசனை. நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது, மல்லிகை வாசனை வந்தது, அதன் பின்னால் ஓடி வரும் கால்களின் சத்தம். வாய்க்கால் வரப்பில் வரிசையாக வந்தார்கள். சீருடை இல்லை. பூப் பறித்த அதே பாவாடையோடு, கட்டிய மடியை அவிழ்க்காமல், சிலேட்டு இல்லாமல், பச்சைக் கறை பிடித்த விரல்களோடு வந்தார்கள். முன்னால் சரசு. வாசலுக்கு வந்ததும் எல்லோரும் பழக்கத்தில் நின்றார்கள். இரண்டு பேர் முட்டி போடக் குனிந்தார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் வாசலுக்கு வந்தார். "உள்ள வாங்க" என்றார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அதிகாரி சரசுவிடம் கேட்டார், "ஏம்மா யூனிபார்ம் போடல?"

"மாத்திட்டு வந்தா பதினோரு மணி ஆயிரும்ல டீச்சர்." அவளுக்கு எல்லோரும் டீச்சர்தான்.

அதிகாரி சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருங்கிணைப்பாளர் எண்ணத் தொடங்கினார். பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து இடம் மாறிக்கொண்டே இருந்ததால் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது. பேச்சியக்கா, இன்னும் இரண்டு பேரோடு.

"நிக்க வைக்கலயே?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லக்கா, உக்காந்துருக்காங்க."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டில் கஞ்சி காத்திருந்தது.

பள்ளி பிழைத்தது. அந்தப் பகுதிப் பூ ஊர்கள் எல்லாவற்றிலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் சாதாரண நாளுமாக இரண்டு நாள் கணக்கு எடுக்க உத்தரவு வந்தது. என் வேலையும் நீடித்தது, நீங்கள் பார்க்கிறீர்களே.

ஒன்றைக் கவனியுங்கள். பதினோரு மணிக்கு நிறைந்த அந்த வகுப்பை நான் அடிப்படைக் கணக்கில் எழுதவில்லை. ஆசை இருந்தது. ஆனால் இரண்டாவது மணியை அடிக்கச் செய்தது நாங்கள். நாங்கள் தொட்டதற்குப் பிறகான எண்ணை, தொடுவதற்கு முந்தைய எண் என்று எழுத முடியாது. ஆகவே கோப்பில் இருப்பது அந்த முதல் நாளின் குறைந்த எண்தான். பக்கத்தில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள், முதல் மணி என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே சாதாரண நாளின் எண்ணும் இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, திட்டம் என்ன சாதித்தது என்று பார்க்க மறு கணக்கெடுப்பு வந்தது. வெளியிலிருந்து சரிபார்க்க வந்தவர்கள், உயர்வு அதிகமாகத் தெரிந்த எல்லா இடங்களையும் சந்தேகத்தோடு கிளறினார்கள். எந்த நாளில் எண்ணினீர்கள், எந்த நேரத்தில் என்று கேட்டார்கள். பலரிடம் பதில் இல்லை. எங்கள் பூ ஊர்களிடம் இருந்தது. எங்கள் உயர்வில் ஒரு எண்ணைக்கூட அவர்களால் குறைக்க முடியவில்லை.

அந்த மறு கணக்கெடுப்புக்கு அட்டவணை போட்ட அன்று காலை, ஒருங்கிணைப்பாளர் அலுவலகச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காலண்டரை என் முன்னால் வைத்தார்.

"ஏம்மா, பூப்பறிக்கிற வீட்டுப் பொண்ணு," என்றார், "ஆவணியில முகூர்த்தம் என்னைக்கு என்னைக்குன்னு சொல்லு. அதுக்கு முந்தின நாள்ல இருந்து ஆரம்பிப்போம்."

காலண்டரைப் புரட்டாமலே சொன்னேன்.